இரும்புச் சட்டகத்துக்குள் இறுகிய சீற் தண்டு: கழற்ற ஆள் வேண்டும்

வணக்கம். கணவரின் பழைய சைக்கிளில் அலுமினிய சீற் தண்டு இறுகிவிட்டது. திரும்பவும் இல்லை, ஏறி இறங்கவும் இல்லை. தண்டு 27.2 மி.மீ., சட்டகம் 4130 குரோமொலி (குரோமியமும் மொலிப்டினமும் கலந்த) இரும்பு. கவ்வியைக் கழற்றினால் விளிம்பில் வெள்ளைப் பொடி. வீடு உப்புவெளியில், கடற்கரையோடு. உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கும். போன மாரிக்கு முன் நன்றாக அசைந்தது.

துருநீக்கி எண்ணெய் விட்டு இரவிரவாக வைத்தோம். அப்புறம் ஐஸ். குளிரில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும், அதனால் சூடு காட்டவில்லை. தண்டை வைஸில் பிடித்துச் சட்டகத்தையும் திருப்பிப் பார்த்தாயிற்று. இன்னும் பலம் கொடுத்தால் குழாய் முறுகிவிடும். கடையில் எறியச் சொன்னார்கள், மனம் வரவில்லை. நாங்கள் இருவரும் நெடுந்தூரம் ஓடப் பழகியதே இதில்தான்.

ஆடியில் அக்கா மகன் வருகிறான். மூவருமாகக் கிண்ணியாப் பாலம் தாண்டி, ஏ15 வீதியால் மட்டக்களப்பு வரை போவதாகத் திட்டம். அவனுக்கு உயரம் குறைவு, சீற்றை இறக்கியே ஆக வேண்டும்.

தண்டை உள்ளிருந்து அறுத்தாவது, சட்டகம் பழுதாகாமல் எடுத்துத் தரும் லேத் பட்டறை திருகோணமலைப் பக்கம் யாருக்காவது தெரியுமா?