ஹம்மர்ஃபெஸ்ட்ல ஒரு மிக்கேல் கோயில்

வெளிநாட்டில கோயிலுக்குப் போன அனுபவத்த எல்லாரும் எழுதுறதப் பாத்து நானும் என்ட கதையச் சொல்றன்.

90கள்ல நோர்வேயின்ட வடக்குத் தொங்கல்ல மீன் பக்டரில வேலை. நவம்பர் கடைசில இருந்து ஜனவரி வரைக்கும் சூரியனே வராது. கூட வேலை செய்றவங்க எல்லாம் லூதரன், அதாவது புரட்டஸ்தாந்து சபை, கோயிலுக்குப் போறது குறைவு, ஆனா பிள்ளைக்கு 14, 15 வயசில கொன்ஃபிர்மசூன் (விசுவாசத்த உறுதிப்படுத்துற சடங்கு) எடுக்காட்டி பாட்டி விடமாட்டா. நல்ல சனங்கள். என்ன, நான் கத்தோலிக்கம் எண்டதும் "நீங்க மரியாவத்தானே கும்பிடுறது?" எண்டு கேப்பாங்க, எனக்கு அரைகுறை நொர்ஸ்க்ல (நோர்வே பாஷைல) "இல்ல, எங்களுக்காக மன்றாடச் சொல்லிக் கேக்கிறது" எண்டு விளங்கப்படுத்துறதுக்குள்ள பிறேக் முடிஞ்சிரும்.

ஞாயிறு பூசைக்கு அந்தப் பக்கத்து டவுன் ஹம்மர்ஃபெஸ்டுக்குப் போவன். அங்க இருக்கிறது புனித மிக்கேல் கோயில், உலகத்திலேயே ஆக வடக்கில இருக்கிற கத்தோலிக்கக் கோயில் எண்டு சொல்லுவாங்க. பேரப் பாத்த உடனயே கண் கலங்கிட்டு, ஏனெண்டா நான் படிச்சது மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி.

பூசை முடிய பின்னால சின்ன ரூம்ல கோப்பியும் வாஃபிளும். நான் மீன் ரோல்ஸ் கொண்டு போவன், பிலிப்பினோ ஆக்கள் நூடுல்ஸ் கொண்டு வருவாங்க. அங்க ஒரு வயசான நொர்ஸ்க் அம்மா. யுத்தம் முடிஞ்சு கொஞ்ச வருசத்தில, இளம் பிள்ளையா இருக்கேக்க கத்தோலிக்கத்துக்கு வந்தவ, அண்டைக்கு அவட அப்பா கோயில் வாசலுக்கும் வரல்லயாம். என்னட்ட எங்க படிச்ச எண்டு கேட்டா, யேசு சபை (கத்தோலிக்கத் துறவற சபை ஒண்டு) பாதர்மாரிட்ட எண்டு சொன்னன். கோப்பிக் கோப்பைய அப்பிடியே கீழ வெச்சிட்டா.

"நான் சேரேக்க உங்களுக்குப் படிப்பிச்ச ஆக்கள் இந்த நாட்டுக்குள்ள காலடி வைக்க ஏலாது, தெரியுமா?" எண்டா. எனக்கு உண்மையா அதுவரைக்கும் தெரியாது. 1814 அரசியலமைப்பிலேயே யூதர், துறவிகள், யேசு சபையினர் ஒருத்தரும் வரக்கூடாதெண்டு எழுதிக் கிடந்ததாம். யூதருக்கு 1851ல விட்டாங்க, துறவிகளுக்கு 1897ல, யேசு சபைக்கு 1956லதான்.

பிறகு நான் எங்கட பாதர் ஹேபர்ட்டப் பத்திச் சொன்னன். அமெரிக்கர், கல்லூரில பாஸ்கட்போல் பழக்கினவர், 1990 ஆகஸ்ட் 15, மாதா பரலோகத்துக்கு எடுக்கப்பட்ட திருநாளண்டு, வாழைச்சேனைல இருந்து மட்டக்களப்புக்கு வெளிக்கிட்டவர் வந்து சேரவே இல்ல. இண்டைக்கு வரைக்கும் உடலும் கிடைக்கல்ல.

அவ பாக்ல இருந்து பேனைய எடுத்து அந்தப் பேர எழுதித் தரச் சொன்னா. பூசைப் புத்தகத்துக்குள்ள வெச்சா. அடுத்த முறை போகேக்க மாதா சுரூபத்துக்கு முன்னால மெழுகுதிரி எரிஞ்சிட்டிருந்திச்சு, என்னக் கூப்பிட்டு "இது உங்கட பாதருக்கு" எண்டு காட்டினா.