புதுப்பிப்பு: சும்மா இருக்கையில் உறையும் ஓவர்கிளாக்

கோர் ஐ5 2500கே செயலியை அதன் இயல்பான வேகத்தைத் தாண்டி 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்திய (ஓவர்கிளாக் செய்த) பிறகு, செயலியை முழுச் சுமையில் ஓடவிட்டுப் பார்க்கும் பிரைம்95 சோதனையை இரவு முழுவதும் தாங்கும் கணினி, வேலையின்றி இருக்கையில் மட்டும் உறைந்துவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் ஐயப்பட்ட வெப்பமோ ரேமோ காரணமில்லை. மின்னழுத்த அமைப்புதான் காரணம். செயலி தானாகக் கேட்கும் மின்னழுத்தத்தோடு ஒரு குறிப்பிட்ட அளவைக் கூட்டியோ கழித்தோ தரும் ஆஃப்செட் முறையில் அதைக் குறைத்தால், அந்தக் குறைப்பு முழு வேகத்துக்கு மட்டுமல்லாமல், செயலி 1.6 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கி ஏற்கெனவே மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் வேளைக்கும் சேர்த்தே பொருந்துகிறது. சுமையேறும்போது, உச்சத்தில் வைத்திருந்த லோட் லைன் கேலிப்ரேஷன் (சுமையில் மின்னழுத்தம் சரியாமல் தாங்கிப்பிடிக்கும் அமைப்பு) அந்தக் குறையை ஈடுகட்டியதால் சோதனைகளில் எதுவும் தென்படவில்லை. லோட் லைனை நடுநிலைக்கு இறக்கி, ஆஃப்செட்டை மைனஸ் 0.060 வோல்ட்டிலிருந்து பிளஸ் 0.005 வோல்ட்டுக்குக் கொண்டுவந்ததும் உறைவது நின்றுவிட்டது. வேலையில்லாதபோது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் செயலியின் உறக்க நிலைகளான சி-ஸ்டேட்டுகளை அடியோடு அணைக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. அது கோளாறை மறைத்து மின்கட்டணத்தைத்தான் ஏற்றும்.