போர் தண்ணியில அபிஸ்டோ தொட்டி: பாதாம் இலை போட்டும் பிஎச் இறங்க மாட்டேங்குது

பாப்பாரப்பட்டியான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டம், பாப்பாரப்பட்டி. வீட்டுல மூணடி நீளம், ஒன்றரை அடி அகலத்துல ஒரு தொட்டி சும்மா கிடக்கு. இதுவரைக்கும் மோலி, கப்பிதான். நம்ம உப்புத்தண்ணியில அதுங்க குட்டி போட்டுத் தள்ளுது, பிரச்சனையே இல்ல.

இப்ப ஆசை அபிஸ்டோகிராமா காக்கட்டுவாய்டஸ் மேல, அமேசான் பக்கத்துக் குட்டி சிக்லிட் மீன். அமேசான் ஓடை மாதிரி பழுப்புத் தண்ணி, அடியில இலைச்சருகு, கட்டை, அவ்வளவுதான் வேணும். பிளாஸ்டிக் செடி, கலர் கல்லு எதுவும் வேண்டாம்.

போர் தண்ணி டிடிஎஸ் (கரைஞ்ச உப்பு அளவு) 1100 காட்டுது, பிஎச் 8க்கு மேல. பாதாம் இலை கை நிறைய போட்டு ஒரு வாரம் விட்டேன். தண்ணி டீ கலர் ஆயிடுச்சு, பிஎச் மட்டும் அப்படியே நிக்குது. இன்னும் இலை போடணுமா? மணலுக்கு என்ன பண்றது? ஒகேனக்கல் குடிநீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருது, அதை ஊத்தலாமா?

காவேரிப்பட்டினம் மாந்தோப்பு எழுதியது:

தம்பி, இலையை நிறுத்துங்க. தண்ணி கலர் மாறுறதும் பிஎச் மாறுறதும் வேற வேற கணக்கு. உங்க தண்ணியில பைகார்பனேட் நிறைய இருக்கும். இலையில இருந்து வர்ற அமிலத்தை அது வந்த வேகத்துல தின்னுடும். அளக்க வேண்டியது பிஎச் இல்ல, கேஎச், அதாவது அந்த பைகார்பனேட் அளவு. சொட்டு மருந்து கிட் ஒண்ணு வாங்கி முதல்ல அதைப் பாருங்க. உங்க ஊர்ப் பக்கம் போர்ல 15, 18ன்னு வந்தா ஆச்சரியப்பட மாட்டேன். அதுல ஒரு மூட்டை இலையைக் கொட்டினாலும் டீதான் கிடைக்கும், அமேசான் கிடைக்காது.

வழி ஆர்ஓ தண்ணிதான். கேஎச் 18ன்னு வெச்சுக்கங்க: ஒரு பங்கு போர், அஞ்சு பங்கு ஆர்ஓ கலந்தா சுமார் 3க்கு வந்துடும். அதுக்கு மேல இலை போட்டா பிஎச் அசையும். காக்கட்டுவாய்டஸுக்கு 6.5, 7 இருந்தா தாராளம். ரியோ நீக்ரோ ஆத்துல பிஎச் 4, 5ன்னு படிச்சுட்டு அதைத் துரத்த வேண்டாம். இந்த மீன் அந்த ஆத்து மீனே இல்ல, மேற்கு அமேசான், பெரு பக்கம். அபிஸ்டோ கூட்டத்துல இது கொஞ்சம் தாங்குற ஜாதி. பிஎச் 6க்குக் கீழ ரொம்ப இறங்கினா மீன் கழிவைச் சிதைக்கற ஃபில்டர் பாக்டீரியாவும் மந்தமாயிடும்.

ஒரு விஷயம் பல பேரு கவனிக்கறதில்ல. வீட்டு ஆர்ஓ மெஷின்ல ருசிக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர்னு ஒரு திருகு இருக்கும், சுத்திகரிக்காத தண்ணியைக் கொஞ்சம் திரும்பக் கலந்து விடும். சிலதுல மினரல் கார்ட்ரிட்ஜும் உண்டு. மீனுக்கு அது ரெண்டுக்கும் முன்னாடி மெம்பிரேன்ல இருந்து வர்ற தண்ணியைப் பிடிங்க. மெக்கானிக்கைக் கேட்டா ஒரு டீ ஜாயின்ட் போட்டுத் தனிக் குழாய் விட்டுக் கொடுப்பாரு. பல்லைக் கெடுக்கற நம்ம ஊர் ஃப்ளோரைடும் இதுலயே போயிடும்.

ஒகேனக்கல் தண்ணி 2013ல இருந்து ஓடுது, நம்ம மாவட்டத்துப் பல்லுக்கு வந்த வரம். தொட்டிக்கும் போர் தண்ணிக்கு பதிலா கலக்கலாம், ஆனா குளோரின் இருக்கும். ராத்திரி முழுக்க ஏர் ஸ்டோன் போட்டு வைங்க, இல்லாட்டி தயோசல்ஃபேட் போடுங்க. அதோட கேஎச்சையும் தனியா அளந்துட்டு கணக்கு போடுங்க. மழைத்தண்ணி இன்னும் நல்லது, முதல் மழையை விட்டுடணும். பழைய வீடா இருந்து மாடியில சுண்ணாம்புத் தளம் போட்டிருந்தா அந்தத் தண்ணி வேண்டாம், சுண்ணாம்பைக் கரைச்சுக்கிட்டுதான் கீழ வரும்.

மணலுக்கு வர்றேன். எங்க கிருஷ்ணகிரியில எங்க திரும்பினாலும் குவாரி, எம்-சாண்ட் லோடு லோடா போகுது. கருங்கல்லு தண்ணியைக் கெடுக்காது, அது உண்மை. ஆனா உடைச்ச மணலு, முனை முனையா இருக்கும். அபிஸ்டோ வாய் நிறைய மணலை அள்ளி செவுள் வழியா வடிச்சுத் துப்புற மீன், நாள் முழுக்க அதே வேலை. அதுக்கு உருண்ட, நைசான மணல்தான் சரி. தென்பெண்ணையில போய் அள்ள வேண்டாம், அனுமதி இல்லாம எடுத்தா குத்தம். வீடு கட்டினவங்க யாருகிட்டயாவது பழைய ஆத்து மணல் மூலையில கிடக்கும், சல்லடையில சலிச்சு நல்லா அலசுங்க. மேல வினிகர் விட்டுப் பாருங்க, நுரைச்சா கிளிஞ்சல் இருக்கு, வேண்டாம். ஒரு அங்குலம் போதும்.

இலைக்கு பாதாம், கொய்யா, பலா எதுவும் ஓகே, பழுத்துத் தானா விழுந்து காஞ்சதா இருக்கணும். மாவிலையும் போடலாம். ஆனா எங்களை மாதிரி தோப்புக்காரங்க கிட்ட வாங்காதீங்க! பூப்பு சமயத்துல மருந்து அடிச்சுத் தள்ளறோம். மருந்து பாக்காத வீட்டு மரமா பாருங்க. கட்டைக்கு காஞ்ச கொய்யாக் கிளை, பட்டை உரிச்சு, வேக வெச்சு, மூழ்குற வரைக்கும் ஊற விடுங்க. சருகு அடுக்குதான் இந்தத் தொட்டிக்கு உயிர். அதுல படியற வழவழப்புலயும் நுண்ணுயிர்லயும்தான் குஞ்சுங்க மேயும். அதைப் போய் அழுக்குன்னு சைஃபன் போட்டு உறிஞ்சிடாதீங்க.

மூணடிக்கு ஒரு ஆணு, ரெண்டு மூணு பெண்ணு. ஒவ்வொரு பெண்ணுக்கும் முட்டையிட ஒரு கொட்டாங்குச்சி, வாய் சின்னதா, ஒண்ணுக்கொண்ணு பார்வை படாத மாதிரி. முட்டை விட்ட பெண்ணு பளிச்சுனு மஞ்சளாயி, தன்னை விடப் பெரிய ஆணையே விரட்டி அடிக்கும். பாக்கணும் அதை! கூட விட நியான் டெட்ரா மீன் போதும்.

ஓசூர்க்காரன் எழுதியது:

அண்ணன் சொன்னதோட ஒண்ணு. எங்களுக்கு டிசம்பர்ல ஹீட்டர் இல்லாம முடியாது, உங்களுக்கு ஏப்ரல், மேதான் தலைவலி. அபிஸ்டோவுல குஞ்சு ஆணா பெண்ணாங்கறதை வளர்ற சூடும் தீர்மானிக்கும், சூடு ஏறினா ஆணுங்க அதிகம். 26 டிகிரி ஒட்டி வைங்க. தண்ணி மேல சின்ன ஃபேன் விட்டா ரெண்டு மூணு டிகிரி குறையும். ஆவியாகிக் குறையறதுக்கு ஆர்ஓ மட்டும்தான் ஊத்தணும். போர் ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டே போகும்.

ஏரிக்கரை எழுதியது:

எல்லாம் சரிங்க. ஒரு லிட்டர் ஆர்ஓ எடுக்க ரெண்டு மூணு லிட்டர் வேஸ்ட் போகுது. கோடையில லாரித் தண்ணி வாங்குற மாவட்டத்துல இது தேவையா? உப்புத்தண்ணியே கேக்குற குட்டி சிக்லிட் இருக்கே! ஆப்பிரிக்கா டாங்கனிகா ஏரியில நத்தை ஓட்டுக்குள்ள குடும்பம் நடத்தற மல்டிஃபேசியேட்டஸ். பிஎச் 8க்கு மேலதான் அதுக்கு சுகம். ஓடு ஏரிக்கரையில கிடக்கு.

காவேரிப்பட்டினம் மாந்தோப்பு எழுதியது:

ஐயா கேக்கறது நியாயம்தான். ஆனா தம்பி கேட்டது அமேசான். சிக்லிட்டே போதும்னா கேஆர்பி டேம்ல ஜிலேபி பொரிச்சே தர்றாங்க, அதுவும் அதே குடும்பம்! முதல்ல நிரப்பறதுதான் செலவு, வாரம் முப்பது லிட்டருக்குள்ள மாத்தினா போதும். கழிவுத் தண்ணியைப் பாத்திரத்துக்கும் பாத்ரூமுக்கும் விட்டுடுங்க. செடிக்கு தொடர்ந்து ஊத்தாதீங்க, மண்ணு உப்பாயிடும்.

பாப்பாரப்பட்டியான் எழுதியது:

கிட் வாங்கி அளந்துட்டேன் அண்ணா. போர் கேஎச் 17. ஒகேனக்கல் தண்ணி அதுல பாதி கூட இல்ல. ஏரிக்கரை ஐயா சொன்ன நத்தை ஓட்டு மீனுக்கு இன்னொரு சின்னத் தொட்டி போடற ஆசையும் வந்துடுச்சு, வீட்டுல இன்னும் சொல்லல. மீனை சென்னை கொளத்தூர்ல வாங்கலாம்னு இருக்கேன், எப்ப போகலாம்?

காவேரிப்பட்டினம் மாந்தோப்பு எழுதியது:

அவசரப்படாதீங்க. தண்ணி, மணல், சருகு எல்லாம் போட்டு ஃபில்டரை ஓட விடுங்க. பழைய மோலி தொட்டி ஸ்பாஞ்சை இதுல சேர்த்து ஓட்டினா சீக்கிரம் தயாராகும். அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் சைபர் காட்டின பிறகு கிளம்புங்க. கடையில அவங்க தண்ணி டிடிஎஸ் எவ்வளவுன்னு கேட்டு, முடிஞ்சா மீட்டரைக் கொண்டு போய் நீங்களே பாருங்க. வித்தியாசம் பெருசா இருந்தா வீட்டுக்கு வந்ததும் மீனை ஒரு பக்கெட்ல விட்டு, ஏர் குழாய்ல முடிச்சு போட்டு தொட்டித் தண்ணியை அதுல சொட்டு சொட்டா ரெண்டு மணி நேரம் விடுங்க. பை தண்ணியைத் தொட்டியில ஊத்தாதீங்க.