லேயில் ஜனவரிக் குளிர் எப்படி இருக்கும்?

கேள்வி: வேலை மாற்றலாகி ஜனவரியில் லடாக்கின் லே நகருக்குப் போகிறேன். ஊர் மதுரை, ஸ்வெட்டர்கூடப் போட்டதில்லை. குழாயில் தண்ணீர் வருமா?

பதில்: இரண்டு குளிர்காலம் அங்கே இருந்தேன். இரவில் மைனஸ் 15 சாதாரணம். குழாய் உறைந்துவிடும், வாளியில் பிடித்து வைத்த தண்ணீரிலும் விடிவதற்குள் ஐஸ் ஏடு கட்டியிருக்கும். அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பு எரியும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், தயவுசெய்து. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும்.

இன்னொருவர்: டீசல் வண்டியா? குளிர்கால டீசல் கேட்டு வாங்குங்கள். 2019இல் வந்தது, மைனஸ் 33 வரை உறையாது.

முதலில் பதிலளித்தவர்: அப்புறம், லே சுமார் 3,500 மீட்டர் உயரம். விமானத்தில் இறங்கியதும், உடம்பு அந்த உயரத்துக்குப் பழக இரண்டு நாள் முழு ஓய்வு எடுங்கள்.

கேட்டவர்: சரி அண்ணா, ரொம்ப நன்றி.