பதில்: ஸ்கேலிங் எஃபிஷியன்சிக்கு "கண்டுமுதல்"

அனைவருக்கும் வணக்கம். கணினிச் சொற்களுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில், ஸ்கேலிங் எஃபிஷியன்சிக்கு (புராசசர்களைக் கூட்டும்போது வேகம் எந்த அளவுக்குச் சேர்ந்து கூடுகிறது என்பதற்கு) "கண்டுமுதல்" என்று வைக்கலாம் என்ற யோசனைக்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> "அளவேற்றத் திறன்" என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஸ்கேலபிலிட்டிக்கு (அளவைக் கூட்டினால் அதற்கேற்ப வளரும் தன்மைக்கு) அது போதும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு பண்பின் பெயர். பெஞ்ச்மார்க் (கணினியின் வேகத்தை அளக்கும் சோதனை) அட்டவணையைப் படிக்கிறவருக்கு ஓர் எண்ணின் பெயர் வேண்டும். ஒரு புராசசரை எட்டாக்கினோம். எட்டு மடங்கில் எத்தனை பங்கு கைக்கு வந்தது? (செயலி என்றால் இப்போது பலருக்கும் ஆப் என்றுதான் படுகிறது, அதனால் புராசசர் என்றே எழுதுகிறேன்.)

அந்தப் பங்குக்குக் "கண்டுமுதல்" என்ற சொல்லை முன்மொழிகிறேன். கதிரடித்து, தூற்றி, மரக்காலால் அளந்த பிறகு களத்தில் உண்மையாகவே கிடைத்த நெல்தான் கண்டுமுதல். வரப்பில் நின்று "இருபது மூட்டை தேறும்" என்று சொல்வது வெறும் மதிப்பு. பெஞ்ச்மார்க்கிலும் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் பார்க்கிறோம்.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிரலில் 5 விழுக்காடு வேலையைப் பிரித்துக் கொடுக்கவே முடியாது என்று வைப்போம். 8 புராசசரில் அது சுமார் 5.9 மடங்கு விரையும். கண்டுமுதல் 74 விழுக்காடு. 32 போட்டால் சுமார் 12.5 மடங்கு, கண்டுமுதல் 39 விழுக்காடுதான். எத்தனை போட்டாலும் 20 மடங்கைத் தாண்டாது. இது தாளில் போட்ட கணக்கு. உண்மையான சர்வரில் நினைவகத்துக்கு அடித்துக்கொள்வது, பூட்டுக்கு (ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே தொடவிடும் தடைக்கு) காத்து நிற்பது எல்லாம் சேர்ந்து இன்னும் குறைக்கும்.

> த்ரூபுட்டுக்கே கண்டுமுதல் என்று வைத்தால் என்ன?

வேண்டாம். த்ரூபுட் என்பது குறிப்பிட்ட நேரத்தில் முடிகிற மொத்த வேலை, அதற்குச் "செய்வீதம்" இருக்கட்டும். இவற்றைக் கலந்தால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். ஸ்பெக் சிபியு 2017 என்ற பெஞ்ச்மார்க் தொகுப்பில் இரண்டு வகை மதிப்பெண் உண்டு. ரேட் என்பது ஒரே நிரலின் பல படிகளை (நகல்களை) சேர்ந்தாற்போல் ஓட்டி, மொத்தம் எவ்வளவு வேலை முடிகிறது என்று பார்ப்பது. ஸ்பீடு என்பது ஒரே படி எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பது. படிகள் ஒன்றுக்கொன்று காத்திருப்பதில்லை. அதனால் புராசசர் கூடக்கூட ரேட் நன்றாகவே ஏறும்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ரேட் மதிப்பெண்ணை நம்பி நான்கு சாக்கெட் (நான்கு புராசசர் பொருத்தும்) சர்வர் வாங்கினோம். மாதக் கடைசி இரவு சம்பளக் கணக்கை ஓட்டிவிட்டு டாப் (புராசசர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கருவி) திரையைப் பார்த்தால், ஒரே ஒரு கோர் (புராசசருக்குள் உள்ள கணிப்பு அலகு) 100 விழுக்காட்டில் நிற்கிறது. மற்றவை பூச்சியத்தை ஒட்டிக் கிடக்கின்றன. பழைய சர்வர் எடுத்துக்கொண்ட நேரத்தையே இதுவும் எடுத்துக்கொண்டது. கொள்முதல் குறிப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்கும் "வேகம்" என்றே எழுதியிருந்தோம். தனித்தனிச் சொல் இருந்திருந்தால் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டிருப்பார்.

> நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் புரியுமா?

முதல் தடவை ஒரு வரி விளக்கம் வேண்டும்தான். எஃபிஷியன்சிக்கும் அது வேண்டியிருக்கிறதே. சரி, வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "16 புராசசர் வரை கண்டுமுதல் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவில்லை, 32இல் பாதியாகிவிட்டது." இதே இடத்தில் "அளவேற்றத் திறன் விகிதம்" என்று போட்டு வாய்விட்டுப் படித்தேன், நாக்கு இடறுகிறது.

எனக்குத் தெரிந்தது தஞ்சாவூர்ப் பக்கத்து வழக்கு. மற்ற வட்டாரங்களிலும் யாழ்ப்பாணத்திலும் இதற்கு வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். பட்டியலில் ஏற்றுவதற்கு முன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.