முதல் பட்டதாரி சலுகை போக விடுதிச் செலவுக்குக் கல்விக்கடன்: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த என் மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு அவளுக்குப் பொருந்தாது. முதல் பட்டதாரி சான்றிதழால் கல்விக் கட்டணம் ஓரளவு குறைந்து, புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைத்தாலும், விடுதிக்கும் உணவுக்கும் நாங்கள்தான் வழி தேட வேண்டும்.

4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை என்று விதி இருந்தும், நாங்கள் அணுகிய வங்கிக் கிளையில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். அந்த வீடு என் மாமியார் பெயரில் இருக்கிறது. அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இதே நிலையில் வித்யாலட்சுமி என்ற கல்விக்கடன் இணையதளத்தின் வழியாக விண்ணப்பித்தவர்கள், கல்லூரி தரும் கட்டண விவரச் சான்றில் விடுதிச் செலவை எவ்வாறு சேர்த்தீர்கள் என்பதையும், படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டிவந்தது பிற்பாடு சுமையைக் குறைத்ததா என்பதையும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.