அனுபவப் பகிர்வு: மனத்தாழ்மை சோதிக்கப்பட்ட நாள்கள்

பொறையாறு உறுப்பினர்:

எங்கள் குடும்பம் பல தலைமுறையாக லுத்தரன் சபையைச் சேர்ந்தது. 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் வந்திறங்கிய தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பிறந்ததையே ஒரு தகுதியாக நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பெருமையை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன குறுவையில் நெல்லை அறுத்துக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவிட்டு முறைக்காகக் காத்திருந்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள், ஐப்பசி வானத்தையோ நம்ப முடியாது என்பதால், எங்கள் வயலில் நெடுங்காலமாக வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரை இரவுக் காவலுக்கு வைத்திருந்தேன். மூன்றாம் நாள் விடியற்காலை மழையில் அவர் அயர்ந்து தூங்கிவிட்டார். காற்றில் தார்ப்பாயின் ஒரு முனை விலகி, குவியலின் ஓரம் முழுவதும் நனைந்துவிட்டது. நான் போய்க் கையை உள்ளே விட்டபோது நெல் ஈரத்தில் சூடேறி வெதுவெதுப்பாக இருந்தது. அங்கே காத்திருந்த பத்துப் பதினைந்து விவசாயிகளுக்கு முன்னால், என்னைவிட இருபது வயது மூத்த அந்த மனிதரை 'டா' போட்டு, இங்கே எழுதக் கூடாத சொற்களையும் சேர்த்துத் திட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் நனைந்த நெல்லைத் தனியாக வாரிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நிருபம் (வேதத்தில் அப்போஸ்தலர் எழுதிய கடிதம்) வாசிக்கும் முறை எனக்கு வந்தது. பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம். 'மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்' என்ற வரியை எங்கும் தடுக்காமல் கணீரென்று வாசித்து முடித்தேன். தடுக்காமல் வாசித்ததுதான் வீட்டுக்கு வந்தபின் என்னை உறுத்தியது. அம்மாவிடம் சொன்னபோது, "தூங்குனது அவரு தப்புதான். அதுக்கு நீ பேசுனது யாரு தப்பு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அந்தத் தெருவுக்குள் நான் நடந்து போனது அதுவே முதல்முறை. "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சிக்குங்க" என்றேன். கண்ணீரும் தழுவலும் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன் போலும். அவர் "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டை அவிழ்த்துக் கட்டப் போனார். அத்தனை பேரும் கேட்க ஒரு கூட்டத்தில் அவமானப்படுத்திவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் மன்னிப்புக் கேட்க வந்தவனுக்கு அதற்குமேல் என்ன பதில் கிடைக்கும்?

அன்றிலிருந்து அவரை 'நீங்க' என்றே அழைப்பது என்று முடிவு செய்தேன். அப்பா 'வா, போ' என்று அழைத்தார், நானும் பத்து வயதிலிருந்து அப்படியே அழைத்து வந்தவன். நாற்றங்காலில் முதன்முறை "நீங்க அந்தப் பக்கம் பாருங்க" என்றபோது அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்கய்யா, நான் எதுவும் தப்பு பண்ணிட்டனா?" என்று கேட்டார். மரியாதையைக் கோபத்தின் அடையாளமாகத்தான் அவரால் புரிந்துகொள்ள முடிந்தது. அது பழகுவதற்கு எங்கள் இருவருக்குமே ஒரு மாதம் ஆனது. நீடிய பொறுமை என்று வேதம் சொல்வது நான் பிறரிடம் காட்டவேண்டியது என்றே எண்ணியிருந்தேன்; இத்தனை ஆண்டுகள் என்னிடம் அதைக் காட்டி வந்தவர் அவர்.

தஞ்சாவூர் உறுப்பினர்:

மேலே உள்ளதைப் படித்தபோது நம் சபைகளின் பழைய கதை நினைவுக்கு வந்தது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னாட்டுச் சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் என்று கடிதம் எழுதியபோது, தஞ்சாவூர்ச் சபையில் அதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் ஞானஸ்நானம் பெற்ற, வேதம் நன்கு கற்ற கிறிஸ்தவர்களே. அங்கே ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் இறந்து 35 ஆண்டுகளே ஆகியிருந்தன. அவருடைய ஆலயத்தில், ஆங்கிலேயச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் சிற்பத்தில், மரணப் படுக்கையில் கிடக்கும் போதகரைச் சரபோஜி மன்னர் பார்க்க வந்திருப்பதை ஒவ்வொரு முறையும் நின்று பார்ப்பேன். அரசர் தாழ்ந்து வருவது கல்லில் நிற்கிறது, நாம் தாழ்வதற்குத்தான் இன்னும் யோசிக்கிறோம்.

பொறையாறு சகோதரரிடம் ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெரியவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் எங்கே உட்காருகிறார்?

திருவாரூர் உறுப்பினர்:

நாங்கள் கத்தோலிக்கர்கள். ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறுவதற்கு முன்பே எங்கள் வீட்டு வழியாகக் காவி உடுத்தி நடந்து போகிறவர்களின் கூட்டம் தொடங்கிவிடும்; மாமியார் வருடந்தோறும் வாசலில் பானை வைத்து நீர்மோர் கொடுப்பார். சென்ற வருடம் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது மோரா, தண்ணியா?" என்று மீதியைக் கோலத்தின் மேலேயே ஊற்றினார். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. மாமியாரோ, சாதாரணமாக யாரையும் கடைசி வார்த்தை பேச விடாதவர், டம்ளரை வாங்கிக் கழுவி, வீட்டுக்கென்று எடுத்துவைத்திருந்த தயிரைக் கடைந்து, உப்பும் இஞ்சியும் தட்டிப் போட்டு அவரிடமே நீட்டினார். அவருடைய பாதங்களில் கொப்புளம் உடைந்து ஈ மொய்த்ததை அப்போதுதான் நான் கவனித்தேன். மாமியார் முதலிலேயே பார்த்துவிட்டார். (அன்று இரவு முழுவதும் அந்த மனிதரை அடுப்படியில் திட்டித் தீர்த்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

பொறையாறு உறுப்பினர்:

தஞ்சாவூர் ஐயா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். திண்ணையில்தான் உட்காருகிறார். உள்ளே வாங்க என்று போன வாரம் கூப்பிட்டேன். "இருக்கட்டுங்கய்யா, காலெல்லாம் சேறு" என்றார். காலில் சேறு இல்லை.